காடும் காவலும்
மழைக்காட்டுப் பாதுகாப்பிற் பழங்குடியினர்க்குள்ள உரிமை பற்றிய ஒரு திறனாய்வு

தமிழிலே 'கா' என்னும் ஓரெழுத்தொருமொழி சோலைக்குப் பெயராகவும் நிற்கும். காத்தல் என்னும் வினைக்கு அடியாகவும் நிற்கும். சோலையும் காவலும் ஒரு சொல்லில் அடங்கி நிற்றல் சிந்தனைக்கு இனியது. ஆயினும், காப்பவர் யார், எவர்பொருட்டுக் காப்பர், எவரிடமிருந்து காப்பர் என்னும் வினாக்களுக்குச் சொல் விடை கூறுவதில்லை. கடந்த ஒன்றரை நூற்றாண்டாக உலகின் பெருங்காடுகளைப் பற்றி எழுந்த வாதங்கள் யாவும் இம்மூன்று வினாக்களையே சுற்றி வருகின்றன. அவற்றை நடுநிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அயனமண்டல மழைக்காடுகள் அழிந்து வருகின்றன என்பதில் எத்திறத்தார்க்கும் ஐயமில்லை. வேற்றுமை காக்கும் முறையிலேயே தோன்றுகின்றது. காட்டை மனித வாழ்க்கையினின்றும் பிரித்து, எல்லை வகுத்து, காவலரை நிறுத்தி, அறிஞர் வகுத்த திட்டப்படி ஆளுதல் வேண்டும் என்பர் ஒருசாரார். காட்டில் வழிவழி வாழ்ந்துவரும் மக்களிடம் நிலவுரிமையையும் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் விடுதலே தக்க வழி என்பர் மற்றொருசாரார். முன்னையதைப் புறநெறி என்றும் பின்னையதை அகநெறி என்றும் ஈண்டு வழங்குவாம். இவ்விரு நெறிகளையும் ஆராய்தற்குப் பெரிதும் தக்க இடம் தென்னமெரிக்காவின் அமேசன் வனமாகும்; ஆபிரிக்காவிலிருந்தும் சில சான்றுகள் கொள்ளப்படும்.

புறநெறியின் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. 1872ஆம் ஆண்டில் அங்கே யெலோஸ்ரோன் தேசிய வனம் அமைக்கப்பட்டது. அந்நிலத்தில் வேட்டையாடியும் வதிந்தும் வந்த சொசோனி முதலிய இனத்தார் சில ஆண்டுகளுள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். மனிதர் வதியாத இயற்கையே தூய இயற்கை என்னும் எண்ணம் இதன் அடியில் கிடந்தது. அவ்வெண்ணம் பின்னர் ஏனைக் கண்டங்களுக்கும் பரவிற்று. கொங்கோ நாட்டின் ககுசி - பியேகா வனம் 1970ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு 1975இல் விரிக்கப்பட்டபோது பற்வா மக்கள் தங்கள் காட்டை இழந்தனர். உகண்டாவில் பிவிந்தி வனம் 1991ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்டபோதும் பற்வா மக்களுக்கு அதுவே நேர்ந்தது. காட்டைக் காத்தற்கு முதற்படி காட்டவரை வெளியேற்றுதல் என்பது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. நிழல் செறிந்த காட்டை நாட்டிற்கு அரணாகக் கூறினார் வள்ளுவர். இந்நெறியாரோ காட்டிற்கே ஓர் அரண் கட்டி, அதனுள் இருந்தவரைப் பகைவராக்கினர்.

இந்நெறிக்குத் தருக்கவலி அளித்த நூல்களுள் முதன்மையானது கரற் ஹாடின் 1968ஆம் ஆண்டிற் 'சயன்ஸ்' இதழில் எழுதிய 'பொதுநிலத்தின் அவலம்' என்னும் கட்டுரையாகும். குடித்தொகைப் பெருக்கத்தைப் பற்றியே அவர் எழுதினாரெனினும், அதனுள் வரும் மேய்ச்சல் நிலத்தின் உவமையே உலகெங்கும் பரவிற்று. பொதுநிலத்தில் மேலும் ஒரு மாட்டை விடுதலால் வரும் ஊதியம் முழுவதும் அம்மாட்டின் உடையவனைச் சாரும். நிலத்துக்கு வரும் கேடோ எல்லார்க்கும் பங்கிடப்படும். ஆகவே ஒவ்வொருவனும் தன் மந்தையைப் பெருக்கிக்கொண்டே போவான். ஈற்றில் நிலம் பாழாகும் என்பது அவர் வாதம். இதினின்றும் தப்ப வேண்டுமாயின் நிலம் தனியாருடைமையாதல் வேண்டும், அன்றேல் அரசினாற் கட்டுப்படுத்தப்படல் வேண்டும் என்பது அவ்வாதத்தின் முடிபு. காட்டைப் பொதுவில் ஆளும் பழங்குடியினர்க்கு இவ்விரண்டினுள்ளும் இடமில்லை என்பது வெளிப்படை.

ஹாடினுடைய தருக்கம் குறையற்றதாகத் தோன்றும். ஆயின் அவர் கற்பித்த மேய்ச்சல் நிலத்தில் இடையர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, விதி வகுப்பதில்லை, வரம்பு கடந்தவனைத் தண்டிப்பதுமில்லை. அத்தகைய ஊர் உண்மையில் யாண்டுளது? எலினர் ஒஸ்ரம் என்னும் அம்மையார் சுவிற்சலாந்தின் மலைமேய்ச்சல் நிலங்கள், யப்பானியக் கிராமக் காடுகள், வடமேற்குப் பிலிப்பைன்சுக்கும் எசுப்பானியாவுக்கும் உரிய நீர்ப்பாசன முறைகள் போன்றவற்றை ஆராய்ந்து, 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஊரார் தாமே வகுத்த விதிகளாற் பொதுச்செல்வத்தை நெடுங்காலம் அழியாது பேணிய முறையைக் காட்டினார். எல்லை தெளிவாயிருத்தல், விதி இடத்துக்குப் பொருந்துதல், விதிக்கு உட்பட்டோரே விதியை மாற்றும் உரிமை பெற்றிருத்தல், தம் விதிகளை வகுக்கும் உரிமையை வெளி அதிகாரம் மறுக்காதிருத்தல் என்பன அவர் கண்ட நிபந்தனைகளுட் சில. 2009ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹாடினும் 1994ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிற்கு 'ஆளப்படாப் பொதுநிலத்தின் அவலம்' என்று தலைப்பிட்டார். 'ஆளப்படா' என்னும் அவ்வொரு சொல்லைத் தொடக்கத்திலேயே இட்டிருப்பாராயின், எத்தனையோ குடிகள் மீது சுமத்தப்பட்ட பழி தோன்றாதிருந்திருக்கும்.

புறநெறியின் மற்றை அடிப்படை, மனிதர் கைபடாத காடு என்னும் கருத்து. இதுவும் ஆராய்ச்சிக்கு முன் நிலைபெறவில்லை. அமேசன் வனத்தில் மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். கரியும் எலும்பும் மட்கும் கலந்து அவர் முன்னோர் உண்டாக்கிய கருமண் நிலங்கள் இன்றும் வளங்குன்றாமற் கிடக்கின்றன. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அமேசனின் பண்டை மக்கள் தமக்கு வேண்டியவாறு பழக்கிய 85 மரவினங்களை எடுத்துக்கொண்டு, அவை பழைய குடியிருப்புக்கள் இருந்த இடங்களை அடுத்து மிகுதியாகக் காணப்படுதலை நிறுவிற்று. அவற்றுள் 20 இனங்கள் அவ்வனத்தில் மிகப் பெருகிய மரங்களுள் அடங்குவன. எனவே வெளியார் கன்னிக்காடு என்று வியந்து நோக்கும் காட்டின் ஒரு பகுதி, பெயர் அறியப்படாத உழவரின் கைவேலை என்க. தோட்டத்தைக் காப்பதற்குத் தோட்டக்காரனை வெளியேற்றுதல் எவ்வகை அறிவு?

இனி, அகநெறி செயலில் யாது பயன் தந்தது என்பதை நோக்குவாம். பிறேசில் நாட்டின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தம் 231ஆம் உறுப்பிற் பழங்குடியினர் மரபாக வாழும் நிலங்களின்மீது அவர்க்குள்ள ஆதியுரிமையை ஏற்றுக்கொண்டது. நிலம் அரசின் உடைமையாயினும், நிலையான கைக்கோளும் அதன் விளைவை நுகரும் தனியுரிமையும் அவர்க்கேயுரியன. நிலத்தடிப் பொருள்கள் மாத்திரம் அவ்வுரிமையுள் அடங்கா. இவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலங்களையும், மனிதர் வதியாத வனங்களையும் செய்ம்மதிப் படங்களின் துணையால் ஒப்புநோக்கிய ஆய்வொன்று நெப்ஸ்ரற் என்பவரும் பிறரும் எழுதி 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. காடழிதலையும் தீயையும் தடுப்பதில் இவ்விரண்டிற்குமிடையே பெரும் வேற்றுமை காணப்படவில்லை என்பது அதன் முடிபு. மேலும், ஆளற்ற வனங்கள் பெரும்பாலும் காடழிப்போர் எட்டாத தொலைவில் அமைந்திருந்தன. பழங்குடியினர் நிலங்களோ காடழிப்பு முன்னேறும் வாயிலிலேயே அமைந்திருந்து அதனைத் தடுத்து நின்றன. சமவெளியில் ஓடுபவனும் மலையேறி ஓடுபவனும் ஒரே நேரத்தில் எல்லையை அடைவாராயின், எவன் வல்லவன் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னும் கூர்மையான உண்மையொன்றைத் தருகின்றது. நில எல்லை வரையறுக்கப்பட்டுச் சனாதிபதியின் ஒப்பம் பெற்று உரிமை முழுமையாக நிறைவேறிய பின்னரே காடழிதல் தெளிவாகக் குறைகின்றது. உரிமை முடிவுறாது தொங்கும் நிலங்களில் அப்பயன் காணப்படவில்லை. இதனாற் பெறப்படுவது யாது? பழங்குடியினர் அங்கே வாழ்தல் மாத்திரம் போதாது. பிறரை வெளியே நிறுத்தும் சட்டவலி அவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே.

சிங்கு ஆற்றின் கரைகளில் வாழும் கயப்போ மக்கள் இதற்குச் சிறந்த உதாரணமாவர். அவர்தம் நிலங்கள் ஒன்றுசேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் எக்டேயர் பரப்புடையன; அஃது இலங்கைத்தீவின் பரப்பிலும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. சுற்றிலும் மேய்ச்சல் வெளியும் அவரைவயலும் பரந்திருக்க, இந்நிலம் செய்ம்மதிப் படத்திற் பசுந்தீவாகத் தோன்றும். 1989ஆம் ஆண்டு பெப்புருவரியில் அல்ராமிரா நகரிற் கூடிய மாநாட்டில், கயப்போப் பெண்ணாகிய ருயீரா, சிங்கு ஆற்றில் அணைகட்ட வந்த மின்சார நிறுவனத்தின் பொறியியலாளர் கன்னத்தில் தன் வெட்டுக்கத்தியின் தட்டையை வைத்து எதிர்ப்புத் தெரிவித்த காட்சியை உலகம் கண்டது. அத்திட்டம் அப்போது நின்றது. பின்னர் அது வடிவம் மாறிப் பெலோமொன்ரே என்னும் பெயரில் 2011ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்டது. ஒருமுறை வென்ற உரிமை என்றும் வென்றதாகாது என்பதற்கும் இது சான்று.

இத்துணையும் அகநெறிக்குச் சார்பாகக் கூறினோம். எதிர்வாதத்தை மறைத்தல் திறனாய்வாகாது. கென்ற் றெட்போட் என்பார் 1991ஆம் ஆண்டளவில் எழுதிய கட்டுரையொன்றில், பழங்குடியினரை இயற்கையோடு இயைந்த பிறவிப் புனிதராகக் கற்பித்தல் பழைய ஐரோப்பியக் கனவொன்றின் மறுபிறப்பே என்று கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மையுண்டு. இதே கயப்போ மக்களுட் சில தலைவர்கள் 1980களிலும் 1990களிலும் மகோகனி மரங்களை வெட்டுதற்கு வெளியார்க்கு இசைவளித்தனர். பொன் தோண்டுவோரிடமிருந்து பங்கும் பெற்றனர். பொன்தோண்டலால் வரும் பாதரச நஞ்சு இன்றும் அவர்தம் ஆறுகள் சிலவற்றைக் கெடுத்துவருகின்றது. டரல் போசி என்னும் மானிடவியலறிஞர், வெட்டவெளியில் நிற்கும் மரத்திட்டுக்களைக் கயப்போ மக்கள் தாமே நட்டு வளர்த்தனர் என 1980களில் எழுதினார். அத்திட்டுக்கள் இயற்கையாய்த் தோன்றியவையே என யூயின் பாக்கர் 1992ஆம் ஆண்டில் மறுத்தார். றெட்போட் 1992இல் 'வெறுங்காடு' என்னும் தலைப்பில் எழுதிய மற்றொரு கட்டுரை இன்னும் வன்மையுடையது. மரங்கள் நிற்க விலங்குகள் வேட்டையால் ஒழிந்துபோன காடும் காடு போலவே தோன்றும் என்பது அதன் கருத்து. செய்ம்மதிப் படம் மரக்கவிகையைக் காட்டும்; அதன் கீழே பன்றியும் குரங்கும் உளவோ என்பதைக் காட்டாது. ஆகவே மேற்காட்டிய ஆய்வுகள் காட்டின் ஒரு பாதியையே அளந்தன என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எனினும் இவ்வாதங்கள் எங்கே நம்மைக் கொண்டு சேர்க்கின்றன என்று ஆராய்தல் தகும். மகோகனியை வெட்ட இடங்கொடுத்தவர் சிலர் என்பது உண்மை; அதனை வாங்கியவர் யாவர்? பழங்குடியினன் தவறிழைத்தால் அவனுரிமையை நீக்குதல் வேண்டும் எனில், பேரளவிற் காடழித்த அரசுகளின் உரிமையும் அன்றோ முதலில் நீங்குதல் வேண்டும்? ஒருவனுக்குத் தன் வீட்டின்மீதுள்ள உரிமை, அவன் அதனைத் திருத்தமாகப் பெருக்கி வைத்திருக்கிறானா என்பதைப் பொறுத்ததன்று. அகநெறியார் பலர் செய்யும் பிழையும் ஈண்டே உளது. பழங்குடியினர் காட்டை நன்கு காப்பர், ஆகவே அவர்க்கு உரிமை தருக என்று அவர் வாதிடுகின்றனர். அவ்வாறு கூறுங்கால், நன்கு காவாவிடின் உரிமையைப் பறிக்கலாம் என்பதும் உடன் கூறியதாகும். உரிமை நீதியின்பாற்பட்டது, காத்தல் அவ்வுரிமையினின்றும் பெரும்பாலும் விளையும் பயன். காரணத்தையும் பயனையும் இடமாற்றி வைத்தல் தருக்கப்பிழையாவதோடு, அம்மக்களுக்குத் தீங்குமாகும்.

புறநெறியார் தம் குறையை உணரவில்லை என்பதற்கில்லை. மக் சேப்பின் என்னும் மானிடவியலறிஞர் 2004ஆம் ஆண்டில் 'வேள்ட் வோச்' இதழில் எழுதிய கட்டுரை அவ்வட்டத்திற் பெரும் புயலைக் கிளப்பிற்று. பெரும் பாதுகாப்பு நிறுவனங்கள் மூன்றின் செல்வமும் செல்வாக்கும் பெருகப் பெருக, அவை பழங்குடியினரோடு கூடிச் செய்வோம் என்ற வாக்குறுதியைக் கைவிட்டன என்பது அவர் குற்றச்சாட்டு. அக்கட்டுரை சில இடங்களில் நிறுவனங்களைத் தம்முள் வேறுபாடின்றி ஒன்றாக்கிப் பேசுகின்றது. ஆயினும் அதன் மையக் கருத்தைப் பின்வந்த நிகழ்ச்சிகள் பொய்ப்பிக்கவில்லை. ஆபிரிக்க, ஆசிய வனங்களிற் காவலர் இழைத்த கொடுமைகள் பற்றிய செய்திகள் 2019ஆம் ஆண்டில் வெளிவந்தபின், உலக வனவுயிர் நிதியம் தன் செயலை ஆராயத் தனிக்குழுவொன்றை அமைத்தது. தென்னாபிரிக்கத் தமிழ்க் குடியிற் பிறந்து ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையாளராய் விளங்கிய நவநீதம் பிள்ளை அம்மையார் அதற்குத் தலைமை தாங்கினார். நிறுவனத்தின் ஊழியர் அக்கொடுமைகளில் நேரே பங்குகொண்டமைக்குச் சான்றில்லை என்றும், ஆனால் மனித உரிமை பற்றித் தான் ஏற்ற கடப்பாடுகளை அந்நிறுவனம் பல இடங்களில் நிறைவேற்றவில்லை என்றும் 2020ஆம் ஆண்டில் அக்குழு கூறிற்று. ககுசி - பியேகா வனத்தினின்றும் வெளியேற்றப்பட்ட பற்வா மக்களின் உரிமைகள் மீறப்பட்டன என்று ஆபிரிக்க மனித உரிமை ஆணைக்குழு வழங்கிய முடிபு 2024ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்மக்கள் அம்முடிபுக்குக் காத்திருந்த காலம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

இக்காலத்திற் புறநெறி துப்பாக்கியோடு மாத்திரமன்றிக் கணக்கேட்டோடும் வருகின்றது. காடு உட்கொள்ளும் கரியை அளந்து விலைக்கு விற்கும் முறையே அஃதாகும். றொண்டோனியாப் பகுதியின் பைற்றர் சுருயி மக்கள், தம் தலைவர் அல்மீர் நரயமோகா வழிகாட்ட, இம்முறையைத் தாமே கையிலெடுத்தனர். 2013ஆம் ஆண்டிற் பிறேசில் நாட்டின் அழகுப்பொருள் நிறுவனமொன்று அவர்களிடமிருந்து 120,000 தொன் கரிக்கு ஈடான சான்றுகளை வாங்கிற்று. சில ஆண்டுகளுள் அவர் நிலத்திற் பொன்னும் வயிரமும் தேடுவோர் புகுந்தனர்; குடிகளுக்குள்ளும் பிளவு தோன்றிற்று; 2018ஆம் ஆண்டில் திட்டம் நிறுத்தப்பட்டது. திட்டத்தை வகுத்தவர் பழங்குடியினரே. எனினும் அதன் விலையும் அளவும் நிபந்தனையும் வெளியே வகுக்கப்பட்டவை. காவலனைத் தண்டிக்காது கள்வனை விட்டுவைத்த அரசின் குற்றத்துக்குக் காவலனே தன் ஊதியத்தை இழந்தான்.

இதனால், வெளியார்க்கு இடமே இல்லை என்பது எம் கருத்தன்று. யனோமாமி மக்களின் நிலம் 1992ஆம் ஆண்டிற் சட்டப்படி உறுதிசெய்யப்பட்டது. ஆயினும் பொன்தோண்டுவோர் ஆயிரக்கணக்கிற் புகுந்தபோது அரசு வாளாவிருந்தமையால், 2023ஆம் ஆண்டு சனவரியில் அங்கே பட்டினிக்கும் மலேரியாவுக்கும் எதிராக அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. வில்லும் அம்பும் உடையோர் விமானத்தோடு வருவோரைத் தனித்துத் தடுத்தல் அரிது. அது அரசின் கடன். மறுபுறத்தில், கயப்போ நிலத்து ஔக்றே ஊரார் 1992ஆம் ஆண்டிலே தம் காட்டின் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கென ஒதுக்கி, வெளிநாட்டு அறிஞரையும் நிறுவனத்தையும் தம் இசைவின்பேரில் ஏற்றுக்கொண்டனர். அங்கே விருந்தினர் விருந்தினராகவே இருந்தனர். மகோகனியும் அங்கே வெட்டப்படாது நின்றது. 'வெறுங்காடு' என்னும் வாதத்துக்கும் இதுவே தக்க விடையாகும். வேட்டையின் அளவைக் கணித்தற்கு விஞ்ஞானம் வேண்டும்; கணித்தபின் வேட்டையை எங்கே, எத்துணைக் காலம் நிறுத்துவது என்று விதிப்பவர் ஊராராகவே இருத்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டு திசெம்பரில் மொன்றியல் நகரிற் கூடிய நாடுகள், 2030ஆம் ஆண்டிற்குள் நிலத்திலும் கடலிலும் நூற்றுக்கு 30 பங்கைக் காப்பதென உடன்பட்டன. பழங்குடியினர் உரிமையை ஏற்றும் மதித்தும் இது செய்யப்படும் என்னும் வாசகமும் அதில் இடம்பெற்றது. வாசகம் நன்று. ஆயின் நூற்றுக்கு 30 என்னும் கணக்கை நிறைவேற்ற விரையும் அரசு, எதிர்க்குரல் குறைந்த எளியோர் நிலத்தையே முதலில் நாடும் என்பதை வரலாறு காட்டுகின்றது.

இவையெல்லாம் தொலைநாட்டுக் கதைகள் என்று நாம் இருந்துவிடலாகாது. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு மாதுறு ஓயாத் தேசிய வனம் அமைக்கப்பட்டபோது, அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் பல ஹெனானிகல என்னும் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டன. முதியவராகிய திசஹாமி என்னும் தலைவர் தம் காட்டை விட்டு நீங்க மறுத்து அங்கேயே வாழ்ந்தார். அஃது அமேசன் போன்ற மழைக்காடன்று. எனினும் வினா அதுவே.

தொடக்கத்தில் மூன்று வினாக்களை எழுப்பினோம். எவரிடமிருந்து காப்பது என்பதற்கு, காட்டை விலைப்பொருளாக மாத்திரம் காண்போரிடமிருந்து என்பது விடை. அவர் உள்ளூரவராயினும் வெளியாராயினும் ஒன்றே. எவர்பொருட்டு என்பதற்கு, அங்கு வாழ்வோர் முதலாக உலகோர் ஈறாக யாவர்பொருட்டும் என்க. காப்பவர் யார் என்பதற்கு, காடு அழிந்தால் முதலிற் பசிப்பவர் எவரோ அவர் என்பதே எம் விடை. மற்றையோர் அவர்க்குத் துணைவராகலாம்; மேலாளராகலாகாது.